தூத்சாகர் அருவிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தூத்சாகர் என்றதும் எல்லார் மனதிலும் ஒரே படம்தான் வரும். பச்சை மலை முழுக்கப் பாலைக் கவிழ்த்துவிட்டது போல அருவி, குறுக்கே வளைந்து போகும் பாலம், அதன்மேல் ஊர்ந்து வரும் ரயில். அந்தப் படம் அநேகமாக ஜூலையிலோ ஆகஸ்டிலோ எடுத்ததாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மார்ச் மாதம் ஜீப் ஏறிப் போகிறவர், "இவ்வளவுதானா?" என்று கேட்கிறார். அதே படத்தைத் தேடி ஜூலையில் போகிறவரோ ஜீப் கிளம்பும் குலேம் ஊரோடு நிறுத்தப்படுகிறார், இல்லையென்றால் தண்டவாளத்தில் நடக்க ஆரம்பிக்கிறார். இங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

கோவா, கர்நாடக எல்லையில் பகவான் மகாவீர் சரணாலயமும் மொல்லம் தேசியப் பூங்காவும் சேர்ந்த காட்டுக்குள் இருக்கிறது தூத்சாகர். மாண்டோவி ஆறு நான்கு அடுக்குகளாக 310 மீட்டர் இறங்குகிறது, அதாவது ஆயிரம் அடிக்கும் மேல். பேருந்து போகும் சாலை கிடையாது. காட்டுப்பாதையில் ஜீப், மலையோரமாக ரயில், இந்த இரண்டும்தான் வழி. எந்த மாதம் போகிறோம் என்பதை வைத்துத்தான் எந்த வழி என்பது முடிவாகும்.

மாதத்தைப் பார்க்காமல் டிக்கெட் போடுவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. அப்போது அருவியின் முழு உருவத்தையும் பார்க்கலாம், ஆனால் கிட்டே போக முடியாது. குலேமிலிருந்து போகும் ஜீப் பாதை வழியில் ஆற்றையே சில இடங்களில் கடக்கிறது, பாலம் கிடையாது. மழைக்காலத்தில் அந்த இடங்களில் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் ஜீப்புகளை நிறுத்திவிடுவார்கள். மறுபடி அக்டோபரில்தான் திறக்கும். மழை நீடித்தால் அதுவும் சில நாள் தள்ளிப்போகும்.

என்னைக் கேட்டால், அருவிக்கு அடியில் போய் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரைதான் சரியான காலம். தண்ணீரும் இருக்கும், பாதையும் இருக்கும். ஜனவரி பரவாயில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பாறை மேல் சில வெள்ளைக் கோடுகள்தான் மிஞ்சும். அந்தப் படத்தில் இருக்கும் அருவிதான் வேண்டும் என்றால், மழைக்காலத்தில் ரயிலில் உட்கார்ந்து பாருங்கள். அதைக் குறைவான அனுபவம் என்று நினைக்க வேண்டாம். பாலம் அருவியின் அடுக்குகளுக்கு நடுவிலேயே போகிறது. ரயில் அதைக் கடக்கும்போது சாரல் பெட்டிக்குள் வந்து முகத்தில் அடிக்கும்.

ரயிலில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது நேரம். மலைக்கு மேலே கர்நாடகப் பக்கம் இருக்கும் கேசில் ராக் நிலையம், கீழே கோவா பக்கம் குலேம், இந்த இரண்டுக்கும் இடையில் உங்கள் ரயில் பகலில் போகிறதா என்று பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். இரவில் கடந்தால் சத்தம் மட்டும்தான் கேட்கும். மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. 2021 ஜூலையில் தூத்சாகருக்கும் அடுத்த நிலையமான சோனாலிமுக்கும் இடையில் சரிவால் ஒரு பயணிகள் ரயிலின் பெட்டி தடம் புரண்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதனால் அன்றைக்கே விமானம் பிடிக்க வேண்டும் என்பது போன்ற திட்டங்களை அந்த நாளோடு கோக்காதீர்கள்.

தண்டவாளத்தில் நடப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியதும் இதுதான். ஒரு காலத்தில் கேசில் ராக்கிலிருந்தோ குலேமிலிருந்தோ தண்டவாளம் வழியாகவே நடந்து அருவிக்குப் போவது பிரபலமாக இருந்தது. அந்தப் பழைய பயணக் குறிப்புகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. புதிதாகப் படிக்கிறவர்கள் அதுதான் பாதை என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். இப்போது அது தடை செய்யப்பட்ட செயல். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2023 ஜூலையில் இப்படித் திரண்டு வந்தவர்களை ரயில்வே காவலர்கள் பிடித்துத் தோப்புக்கரணம் போடவைத்த காட்சி நாடெங்கும் பரவியது. அருவியை ரயிலுக்குள் இருந்தே ரசியுங்கள் என்று தென்மேற்கு ரயில்வேயும் அப்போது வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது.

தண்டனையை விடுங்கள், ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்த மலைப்பாதையின் சரிவு 37க்கு 1, அதாவது ஒவ்வொரு 37 மீட்டருக்கும் ஒரு மீட்டர் ஏற்றம். ஏறும் ரயிலைத் தள்ளப் பின்னாலும் எஞ்சின்களை மாட்டுகிறார்கள். இறங்கும் ரயில் மெதுவாகத்தான் வரும், ஆனால் அவ்வளவு எடையை இந்தச் சரிவில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. மழையும் அருவியும் சேர்ந்து போடும் இரைச்சலில் ஹாரன் சத்தம் கிட்டே வந்த பிறகுதான் காதில் விழும். பாதையில் வரிசையாகச் சுரங்கங்கள் வேறு. சுரங்கத்தின் சுவர் ஈரம் கசிந்து பாசி பிடித்திருக்கும், ரயிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒதுங்கி நிற்க நல்ல இடம் இருக்காது, கால் வைக்கும் ஜல்லிக்கல்லும் நகரும். முதுகில் பையோடு, கையில் குடையோடு உள்ளே மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்?

ரயில் சிக்னலுக்காக அருவிக்குப் பக்கத்தில் நிற்கும்போது மறுபக்கமாகக் குதித்து இறங்கிப் படம் எடுப்பதும் இதே வகைதான். தூத்சாகரில் ஒரு சின்ன நிலையம் இருந்தாலும் அது சுற்றுலாப் பயணிகள் ஏறி இறங்குவதற்கான இடம் இல்லை. இறங்கிவிட்டால் திரும்பி வர வழியும் அந்தத் தண்டவாளம்தான்.

குற்றாலப் பழக்கத்தை இங்கே கொண்டுவருவது

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். குற்றாலத்தில் அருவிக்கு நேர்கீழே தலையைக் கொடுத்து நின்று பழகியவர்கள் நாம். அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, தரை சீராக இருக்கும், தண்ணீர் கூடினால் போலீஸ் விசில் அடித்து வெளியேற்றிவிடும். அப்படி இருந்தும் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. தூத்சாகரில் அந்தக் கம்பியும் கிடையாது, சீரான தரையும் கிடையாது. கீழே இருப்பது ஒரு தடாகம். ஓரத்தில் முழங்கால் ஆழம், இரண்டடி தள்ளிக் கால் எட்டாத ஆழம். அடியில் உருண்டைக் கற்கள், கற்களுக்கு இடையில் கால் மாட்டும் அளவுக்கு இடுக்கு. ஜீப்பில் ஏறும்போதே லைஃப் ஜாக்கெட் கொடுத்து அனுப்புவதற்குக் காரணம் இதுதான். பலர் அதைத் தோளில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இடுப்புப் பட்டையை இறுக்கி மாட்டினால்தான் அது உதவும். தளர்வாக இருந்தால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறும், ஆள் கீழே போவார்.

மேலே எங்கே மழை பெய்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. இங்கே வெயில் அடிக்கும்போதே கேசில் ராக் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், இரைச்சலின் சுருதி மாறினால் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். செருப்பை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

வழுக்கும் பாறையைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். காய்ந்து வெளிறிய பாறை பிடிமானம் தரும். கருப்பாக, எண்ணெய் தடவிய மாதிரி மினுங்குவதில் மெல்லிய பாசிப்படலம் இருக்கும், பச்சையாகத் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை. ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பக்கம் பட்டை உள்ள, அடியில் வெட்டு உள்ள காலணி போடுங்கள். தடுமாறும்போது பக்கத்துச் செடியை அப்படியே பிடிக்காமல், முதலில் பார்த்துவிட்டுப் பிடியுங்கள். இந்தக் காட்டின் குழிவிரியன் பாம்புகள் ஓடையோரக் கிளைகளில் இலையோடு இலையாக அசையாமல் கிடக்கும்.

காட்டை மறந்துவிடுவது

அருவியடியில் குரங்குகள் கூட்டமாக இருக்கும், பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துவிடும். பிஸ்கட் கொடுத்துப் பழக்கியது நாம்தான். சாப்பாட்டை மூடிய பையில் வையுங்கள், பையைக் கையிலேயே வைத்திருங்கள். கண்ணாடி பாட்டில், மது இரண்டும் வேண்டவே வேண்டாம். வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் உடைந்த கண்ணாடி எத்தனை வருடம் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கொண்டுபோன காலிக் கவரைத் திரும்பக் கொண்டுவருவது பெரிய வேலையும் இல்லை.

அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்ணி. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதிகளில் குரங்குக் காய்ச்சல் உண்டு. 1957இல் ஷிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட இந்த நோய் உண்ணிக்கடியால் பரவுகிறது. பின்னாளில் கோவாவின் சத்தாரி வட்டாரத்திலும் வந்திருக்கிறது. குளிர்காலம் முதல் கோடை வரை உண்ணிகள் அதிகம். சருகு மேல் உட்காராதீர்கள். அறைக்கு வந்ததும் துணியை மாற்றி, காது மடல், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். செத்த குரங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறையிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால், "காட்டுக்குப் போயிருந்தேன்" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அட்டையைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. கடித்தால் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துவிட்டுக் கழுவினால் போதும்.

தாமதமாகக் கிளம்புவது

சொந்தக் காரிலேயே அருவி வரை போய்விடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குலேமில் வண்டியை நிறுத்திவிட்டு, அனுமதி பெற்ற ஜீப்பில்தான் போக வேண்டும். ஒரு ஜீப்பில் ஏழு பேர். தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் மற்றவர்களோடு சேர்த்து ஏற்றுவார்கள், அதற்குக் காத்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்திலும் சனி ஞாயிறுகளிலும் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். ஏழு, ஏழரைக்கே அங்கே இருங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள்.

பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் தூரம், ஆனால் முக்கால் மணிக்கும் மேல் குலுக்கி எடுக்கும். முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து வேரும் பாறையுமான பாதையில் கொஞ்சம் நடக்கவும் வேண்டும். அருவியில் கிடைப்பது சுமார் ஒன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது எல்லா ஜீப்பும் ஒரே மாதிரி, ஒரே செம்மண் நிறத்தில் நிற்கும். உள்ளே செல்போன் சிக்னல் கிடைக்காது என்பதால் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. இறங்கும்போதே வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நிற்பார் என்று டிரைவரிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணத்துக்கும் காமிராவுக்கும் சில்லறையோடு ரொக்கம் வைத்திருங்கள்.

மதியத்துக்குள் திரும்பிவிட்டால் அதே காட்டின் இன்னொரு ஓரத்தில், தம்டி சுர்லாவில், கதம்பர் காலத்து மகாதேவர் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம். கருங்கல்லில் கட்டிய சின்னக் கோயில், பக்கத்திலேயே ஓடை. அதற்கு மாலை வெளிச்சம் வேண்டும், அதனால் நாலு மணிக்கு முன்னால் அங்கே போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.