கரையை உயர்த்தினால் வயல் தப்புமா? ஆற்று வெள்ளத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கரையை உயர்த்திக்கொண்டே போனால் போதும் என்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். மிசிசிப்பி ஆற்றில் அமெரிக்க அரசுப் பொறியாளர்களே பல ஆண்டுகள் அப்படி நம்பினார்கள். 1927-ல் கரைகள் பல இடங்களில் உடைந்து சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்கிய பிறகுதான், மிகைநீரைத் திருப்பிவிடவும் இடம் வேண்டும் என்று அடுத்த ஆண்டே சட்டம் போட்டார்கள்.

ஆற்றை நெருக்கிக் கரை போட்டால் அதே தண்ணீர் குறுகிய இடத்தில் இன்னும் உயரமாக ஓடும். வண்டல் சுமக்கும் ஆறென்றால் வயலில் படிய வேண்டிய மண் ஆற்றுக்குள்ளேயே படிந்து படுகை ஏறிவிடும், அப்புறம் கரையை மறுபடி உயர்த்த வேண்டும், இதற்கு முடிவே கிடையாது. கோசி ஆற்றில் விநாடிக்கு 9.5 லட்சம் கன அடி தாங்கும் என்று வடிவமைத்த கரை, 2008 ஆகஸ்டில் அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்கூட ஓடாதபோதே நேபாளத்தின் குசஹாவில் உடைந்தது. கரை எவ்வளவு உயரம் என்பதைவிட எவ்வளவு பலமாக இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

முடிந்தால் கரையை ஆற்றின் விளிம்பிலிருந்து தள்ளிப் போடுங்கள். இடையில் கிடக்கும் நிலத்தில் தீவனப்புல் வளர்க்கலாம், வெள்ளக் காலத்துக்கு முன்பே அறுவடையாகும் பயிரும் வைக்கலாம். நெதர்லாந்தில் ஓவர்டீப்ஸே என்ற இடத்தில் கரையைத் தாழ்த்தி, பண்ணை வீடுகளையும் தொழுவங்களையும் மேடுகளின் மேல் மாற்றிக் கட்டி, பெருவெள்ளம் வரும்போது மட்டும் வயலுக்குள் தண்ணீர் வர விட்டிருக்கிறார்கள்.

வெள்ள நேரத்தில் நடக்கும் ஒரு தவறைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்து கரையையே இழந்துவிடுவார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறி நிற்கும்போது கரைக்கு வெளியே, வயல் பக்கத்தில், தரையிலிருந்து ஊற்று மாதிரி தண்ணீர் குமிழியிடும். தெளிந்த நீராக இருந்தால் கண்காணித்தால் போதும். மணலோடு கலங்கி வந்தால் கரையின் அடிமண் அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். உடனே எல்லோரும் அதன் வாயில் மூட்டையைப் போட்டு அடைப்பார்கள். அடைக்கவே கூடாது, அழுத்தம் பக்கத்தில் வேறொரு இடத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்று உறை போல வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரைத் தேங்கவிட வேண்டும். தேங்கிய நீரின் எடை எதிராக அழுத்த, வரத்து குறைந்து மணல் வருவது நிற்கும். தெளிந்த நீர் வழிந்து ஓட ஒரு பக்கம் வழி விட்டுவிடுங்கள். மூட்டையையும் வாய்வரை நிரப்பாதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பினால்தான் அமுங்கி ஒன்றோடொன்று பொருந்தும்.

மண் கரையில் பெரிய மரம் வைப்பதும் வேண்டாம். காற்றில் சாய்ந்தால் கரையைப் பெயர்த்துக்கொண்டு போகும், பட்டுப்போனால் வேர் மக்கிய இடம் தண்ணீருக்குத் திறந்த வழி. அடர்ந்த புல் போதும், அதையும் குட்டையாக வெட்டி வைத்தால்தான் எலி வளையும் வெடிப்பும் கண்ணில் படும்.

அப்புறம் வடிகால். கரை போட்ட பலரும் வயல் பக்கம் பெய்த மழைநீர் எப்படி வெளியேறும் என்று யோசிப்பதே இல்லை. ஆறு இறங்கிய பிறகும் வயல் நாள்கணக்கில் தேங்கி நிற்பது இதனால்தான். சாதாரண நெல் ரகங்கள் முழுக்க மூழ்கினால் ஒரு வாரம் தாண்டுவதே கடினம், ஸ்வர்ணா சப்-1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகங்கள் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். வெள்ளம் வரும்போது தானாக மூடி, வடியும்போது திறக்கும் மடல் மதகு வைத்தால் ஆற்றுநீர் திரும்பி வயலுக்குள் வராது. ஆனால் மடலில் கட்டையோ குப்பையோ சிக்கியிருந்தால் அது மூடாது, பருவத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள்.

தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு டிராக்டரை இறக்காதீர்கள். ஈர மண் இறுகிவிட்டால் அடுத்த போகத்துக்கும் வேர் இறங்காது. ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். களிமண் போல நீளமாகத் திரியாக வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும், உதிர்ந்தால் உழலாம். தேங்கிய வயலில் யூரியா போடுவதும் வீண்தான், காற்றில்லாத மண்ணில் தழைச்சத்தின் பெரும்பகுதி வாயுவாகப் போய்விடும். நீர் வடிந்து புதுவேர் வெள்ளையாக விட்ட பிறகு போடுங்கள்.