வெளியூர்க்காரங்க பாராட்டினா என்ன பதில் சொல்றது

வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு போன் கால்ல அமெரிக்க மேனேஜர் "நேத்து நீ காமிச்ச டெமோ ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னார். நான் நம்ம பழக்கத்துல "அய்யோ அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், நிறைய தப்பு இருந்துச்சு"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "என்னென்ன தப்புன்னு எழுதி அனுப்பு, கஸ்டமருக்கு போறதுக்கு முன்னாடி சரி பண்ணிடலாம்"னார். அவர் கோவப்படல, நான் சொன்னத அப்படியே நம்பிட்டார். தப்பு எதுவும் இல்லன்னு புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. வெளிநாட்டு ஆளுங்களோட வேலை பாக்குறவங்க, படிக்கப் போறவங்க எல்லாரும் இத கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கணும்னு எனக்கு அன்னைக்குத்தான் தோணுச்சு.

பாராட்டுக்கு பதில் சொல்றது ஏன் இவ்ளோ தடுமாற வைக்குதுன்னு 1978ல அனிதா பொமெரான்ட்ஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் எழுதியிருக்காங்க. எதிர்ல இருக்கறவர் சொன்னத மறுக்கவும் கூடாது, நம்மள நாமே புகழ்ந்துக்கவும் கூடாது, ரெண்டும் ஒரே நேரத்துல நம்மள இழுக்குது. "ஆமா"ன்னா தற்பெருமை, "இல்ல"ன்னா சொன்னவர் பொய் சொல்றார்னு ஆகிடும். இந்த இக்கட்டுலேர்ந்து தப்பிக்க ஒவ்வொரு ஊரும் ஒரு ரெடிமேட் பதில் வெச்சிருக்கு. நம்ம வீட்டுல "புடவை நல்லா இருக்கே"ன்னா "இதுவா, பழசுடி, ஆடித் தள்ளுபடில எடுத்தது"ன்னு வருது பாருங்க, அதுவும் அப்படி ஒரு பதில்தான். அது நம்மளுக்குள்ள சரி, ஆனா வேற ஊர்ல அந்த ஊர் பதில்தான் எடுபடும்.

முதல்ல அமெரிக்கா. மேன்ஸ், வுல்ஃப்சன்னு ரெண்டு பேர் 600க்கும் மேல பாராட்டு வாக்கியங்கள சேகரிச்சு 1981ல எழுதினாங்க, அதுல உரிச்சொல் வர்றதுல மூணுல ரெண்டு பங்கு வெறும் அஞ்சே வார்த்தைல அடங்கிடுச்சு, நைஸ், குட் அந்த மாதிரி. அதாவது அங்க பாராட்டுங்கறது பெரும்பாலும் நம்ம "சாப்டாச்சா" மாதிரி ஒரு பேச்சுத் துவக்கம். அதனால "தேங்க்ஸ்"னு சொல்லிட்டு கூட ஒரு சின்ன தகவல் சேத்துடுங்க, "தேங்க்ஸ், என் தங்கச்சி வாங்கிக் குடுத்தா" போதும். வேலை விஷயமா இருந்தா கூட உழைச்சவங்க பேர சொல்லுங்க, ஆனா உங்க பங்க மறுக்காதீங்க. ஜெர்மனில இன்னும் நேரடி, ஃப்ரெண்ட்ஸுக்குள்ள "சமையல் நல்லா இருக்கு"ன்னா "ஆமா இல்ல?"ன்னு ஒத்துக்கறது சகஜம், அத திமிர்னு நெனைக்காதீங்க.

அடுத்து அரபு நாடுகளும் ஈரானும். இங்க நம்ம ஆளுங்க அதிகம், தப்பு நடக்கற வாய்ப்பும் அதிகம்.

என்கூட வேலை பாத்த சிரியாக்காரர் ஒருத்தர், வயசுல பெரியவர், எப்பவும் கையில ஒரு தஸ்பீஹ் மணி, நம்ம ஜெபமாலை மாதிரி, வெச்சு உருட்டிட்டே இருப்பார். தேன் கலர் மணி, விரல் பட்டுப் பட்டு வழவழன்னு ஆகியிருக்கும், நுனில வெள்ளி நூல் குஞ்சம். ஒரு நாள் டீ குடிக்கும்போது "பாய், இது ரொம்ப அழகா இருக்கு"ன்னேன். அடுத்த நொடி அத என் உள்ளங்கைல வெச்சு விரல மூடிவிட்டு 'முகத்தம்'னார். உங்களுக்கே குடுத்தாச்சுன்னு அர்த்தம். மணி இன்னும் அவர் கைச்சூட்டோட இருந்துச்சு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, பக்கத்துல இருந்த கேரளா அண்ணன்தான் மெதுவா "வாங்கிடாத, உங்க கையில இருந்தாத்தான் அழகுன்னு சொல்லி திருப்பிக் குடு"ன்னார். அப்படியே சொன்னேன். அவர் முகம் மலர்ந்து போச்சு, மணிய வாங்கிட்டு எனக்கு இன்னொரு டீ சொன்னார். அவர் பொய்யா ஒண்ணும் குடுக்கல, நான் பிடிவாதமா வாங்கியிருந்தா நிஜமாவே குடுத்திருப்பார், அதனாலதான் நாம பாத்து நடந்துக்கணும்.

ஈரான்ல இதுக்கு 'காபெலி நதாரே'ன்னு சொல்வாங்க, "உங்க தகுதிக்கு இது ஒண்ணுமே இல்ல"ங்கற மாதிரி. உங்க பேனாவ, கைப்பைய யாராச்சும் பாராட்டினா நீங்களும் இதத்தான் சொல்லணும், அவங்க எடுத்துக்க மாட்டாங்க. கடைல விலை கேட்டாலும், டாக்ஸில காசு நீட்டினாலும் முதல்ல இதே வார்த்தை வரும், காசு வேண்டாம்னு நெனச்சு இறங்கிடாதீங்க, ரெண்டு மூணு தடவ வற்புறுத்திக் குடுத்துட்டு வாங்க. உங்க தோற்றத்தையோ வீட்டையோ பாராட்டினா இன்னொரு பதில் இருக்கு, 'செஷ்மாத்தூன் கஷங் மிபினே'. உங்க கண்ணு அழகா பாக்குதுன்னு அர்த்தம். நான் கேட்டதுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச பதில் இதுதான், அவர் சொன்னதும் பொய்யாகல, பெருமையும் அவர் பக்கமே போயிடுது.

இந்த ஊர்கள்ல நீங்க பாராட்டும்போதும் கவனம் வேணும். குழந்தைய "எவ்ளோ அழகு"ன்னு வெறுமனே சொல்லி நிறுத்தாதீங்க, கூடவே 'மாஷா அல்லாஹ்' (இறைவன் நாடினபடின்னு அர்த்தம்) சேத்துக்கோங்க, இல்லன்னா அம்மா மனசு பதறும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு கன்னத்துல கருப்புப் பொட்டு வெச்சு வளந்த நமக்கு இத புரிய வைக்கவே வேண்டாம். துருக்கிலயும் இதே கண் பயம்தான், அங்க நீலக் கண்ணு மணிய குழந்தை சட்டைல குத்தி விடுவாங்க. அங்க சாப்பாட்ட பாராட்ட தனி வாக்கியமே உண்டு, 'எலினிஸே ஸாலுக்', உங்க கைக்கு ஆரோக்கியம்னு அர்த்தம். நீங்க சமைச்சு யாராச்சும் இத சொன்னா 'ஆஃபியெத் ஓல்சுன்'னு சொல்லுங்க, சாப்பிட்டது உடம்புல ஒட்டட்டும்னு வாழ்த்தற மாதிரி.

சீனாவுக்கு 'நாலி நாலி'ன்னு சொல்லிக் குடுப்பாங்க, "எங்கே எங்கே"ன்னு அர்த்தம், அதாவது அப்படி எதுவும் என்கிட்ட இல்லையேன்னு. ஆனா இது மாறிட்டு வருது. ரோங் சென்னு ஒரு ஆய்வாளர் ஷியான் நகரத்துல மாணவர்கள்கிட்ட ஆய்வு பண்ணி 1993ல வெளியிட்டார், பதில்கள்ல நூத்துக்கு 95க்கு மேல மறுப்புதான். அதே ஊர்ல திரும்ப பண்ணி 2010ல வெளியிட்டப்ப 62 பங்கு ஏத்துக்கற பதில், மறுப்பு வெறும் 9 பங்கு! அதனால உங்க வயசு ஆளுங்ககிட்ட 'ஷியே ஷியே'ன்னு நன்றி சொல்லிடுங்க, பெரியவங்ககிட்ட கொஞ்சம் பணிவா மறுங்க.

ஜப்பான்ல ரெண்டு வார்த்தை பேசினாலே "ஜப்பானிய மொழி நல்லா பேசறீங்க"ம்பாங்க. வெறும் 'அரிகாதோ'வோட நிறுத்தாம 'இயே இயே, மதாமதா தெஸ்'னு சொல்லுங்க, இன்னும் எவ்ளோ கத்துக்கணும்னு அர்த்தம். இங்க நம்ம ஊர் பழக்கம் நல்லாவே கைகொடுக்கும்.

போகப்போற ஊரோட பதில் ஒண்ணே ஒண்ணு மனப்பாடம் பண்ணிக்கோங்க, எல்லாத்தையும் கத்துக்க வேண்டியதில்ல. அது வாயில வரலன்னா அந்த மொழில ஒரு நன்றி, கூட "நீங்க சொன்னது சந்தோஷமா இருக்கு", அவ்ளோதான். அந்த ஊர்க்காரர் யாராச்சும் கிடைச்சா வாயால சொல்லச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க, எழுத்த பாத்து சொன்னா நாக்கு சிக்கும், முக்கியமா அந்த ஈரான் வரி.