நாய் வாக்கிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு

திருவான்மியூர், பெசன்ட் நகர் அடுக்குமாடி வீடுகளில் நாய்களை வாக்கிங் கூட்டிப்போவதுதான் என் பிழைப்பு. "எனக்கு நாய்னா உயிர் அக்கா, நானும் இந்த வேலைக்கு வரலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வரலாம். ஆனால் தெருவில் இறங்கிய பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. யோசிக்க வேண்டியதை வாசலைத் தாண்டும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

முதல் நாள் நாயைத் தொடாதீர்கள், அதன் ஊசி புத்தகத்தைக் கேளுங்கள். ரேபிஸ் ஊசி தேதி தாண்டியிருந்தால், போட்ட பிறகு கூப்பிடச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சென்னையில் மாநகராட்சி உரிமம் வாங்கவும் அந்த ஊசிச் சான்று வேண்டும். "யாரையாவது கடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் "ஐயோ, குழந்தை மாதிரி" என்பார்கள். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: எதைப் பார்த்தால் குரைக்கும்? ஹெல்மெட் போட்டவரையா, குடையையா, துடைப்பத்தையா? இதற்கு உண்மையான பதில் வரும்.

உங்களுக்கும் ஊசி வேண்டும். கடி படும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி மூன்று தவணை போட்டுக்கொள்ளலாம். பிறகு கடிபட்டால் இரண்டு தவணை போதும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது.

அடுத்தது கழுத்துப்பட்டை. சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரி வேட்டை நாய் என்றால் இதில்தான் பாதி கவனம் போகும். குறிப்பாகச் சிப்பிப்பாறைக்குத் தலை கழுத்தைவிடப் பெரிதாக இருக்காது. பூனையோ அணிலோ கண்ணில் பட்டு, பின்பக்கமாக ஒரு திமிறு திமிறினால் சாதாரண பட்டை காது வழியே கழன்று வந்துவிடும். அப்புறம் நீங்கள் ஓடிப் பிடிக்கிற வேகமில்லை அது. இழுத்தால் இறுகி, விட்டால் தளர்கிற மார்ட்டிங்கேல் பட்டை வாங்கச் சொல்லுங்கள். எந்த நாயாக இருந்தாலும், கதவைத் திறக்கும் முன் அதன் முகத்துக்கு நேரே நின்று கயிற்றை உங்கள் பக்கம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பட்டை காதைத் தாண்டி வந்தால் ஒரு துளை இறுக்குங்கள். இரண்டு விரல் நுழைய இடமிருந்தால் சரி.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றவே கூடாது. லாப்ரடார் ஒரு இழுப்பு இழுத்தால் விழுவது நீங்கள்தான். வளையத்துக்குள் கட்டைவிரலை விட்டு, மீதியை மடித்து முஷ்டியில் பிடியுங்கள். பட்டனை அமுக்கினால் நீளுகிற ரோல் கயிறு மைதானத்துக்குச் சரி, எல்.பி. ரோடு மாதிரி வண்டி ஓடும் ரோட்டுக்கு ஆகாது. லிஃப்ட்டில் நாயைப் பின் மூலையில் உட்காரவைத்து, அதற்கும் கதவுக்கும் நடுவில் நில்லுங்கள். நாய் உள்ளே, கயிறு வெளியே இருக்கும்போது கதவு மூடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தெருநாய்களுக்கு வருவோம். புது வீடு ஒப்புக்கொண்டால், முதலில் நாய் இல்லாமல் அந்தத் தெருக்களில் தனியாக நடப்பேன். எந்த மூலையில் எந்தக் கூட்டம், யார் எப்போது சோறு வைக்கிறார்கள், எது குட்டி போட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். சோறு வைக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள், அதுதான் அவற்றுக்கு மானப்பிரச்சினை. காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது என்று அர்த்தம். கடிக்காது என்று அர்த்தமில்லை. எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள், கயிற்றை விறைப்பாக இழுக்காதீர்கள். உங்கள் பதற்றம் கயிறு வழியே நாய்க்குத் தெரிந்து, அதுவும் சிலிர்த்துக்கொள்ளும். வளைந்து விலகிப் போங்கள். குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தாலே பெரும்பாலானவை நாலடி பின்வாங்கும். நிஜமாக எறியாதீர்கள், நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். நான் எப்போதும் குடை வைத்திருப்பேன். சட்டென்று விரித்தால் நடுவில் ஒரு சுவர்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது. பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு சீக்கிரம் திணறும். நாக்கு கருஞ்சிவப்பாகி நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரண தண்ணீரை உடம்பில் ஊற்றிவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். ஐப்பசி மழையில் வேறு ஆபத்து. தேங்கிய தண்ணீருக்குள் மின்வாரியப் பெட்டி நின்றால் அந்தத் தெருவே வேண்டாம். நீங்கள் ரப்பர் செருப்பில் நிற்பீர்கள், நாய் வெறுங்காலில் நிற்கும். தீபாவளிக்கு முந்தின நாளே வெடி ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு மூன்று நாளும் பட்டையோடு, மார்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸும் போட்டு, இரண்டையும் கயிற்றில் கோத்துவிடுவேன்.

கழிவை அள்ளப் பழைய பேப்பரும் கவரும் பையில் இருக்கட்டும். தெருக்காரர்கள் சண்டைக்கு வருவது கடிக்காக அல்ல, பெரும்பாலும் இதற்காகத்தான்.

கடைசியாகக் காசு. மாதச் சம்பளத்தை முதல் தேதியே வாங்கிவிடுங்கள். வீட்டுக்காரர் ஊருக்குப் போகும் நாட்களைக் கழிப்பாரா, உங்கள் வாரலீவு எந்த நாள், நாய் கடித்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு "ஓகே" வாங்கிவையுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று மட்டும் பதில் வந்தால், அந்த வீட்டை நான் எடுப்பதில்லை.