தாளைத் தாண்டியும் நீர்வண்ணம் தீட்டலாம்

நீர்வண்ணம் என்றாலே தாள்தான் என்று பழகிவிட்டோம். ஆனால் நீரை உறிஞ்சும் தன்மையை முதலில் ஊட்டிவிட்டால் மரப்பலகை, கேன்வாஸ், கூழாங்கல், ஏன், கண்ணாடியின் மீதும் அதைத் தீட்டலாம். இதற்கென்றே 'வாட்டர்கலர் கிரவுண்ட்' என்ற பூச்சு கிடைக்கிறது. கேன்வாஸில் வழக்கமாக அடிப்பூச்சாகப் பூசும் சாதாரண அக்ரிலிக் கெஸ்ஸோவை இதற்கு மாற்றாக நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அதன் மேல் வண்ணம் பெரும்பாலும் உட்புகாமல் துளித்துளியாகத் திரண்டு நிற்கும்.

மரப்பலகையை 220 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்தபின், நிறமற்ற அக்ரிலிக் மீடியத்தை (வண்ணம் கலக்காத அக்ரிலிக் பூச்சை) ஒரு முறை பூசிக் காயவிடுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால், மரத்திலுள்ள இயற்கைச் சாயம் ஈரத்தோடு மேலேறி வெண்மையான கிரவுண்ட் பூச்சில் மஞ்சள் கறையாகப் படியக்கூடும். உலோகம், கண்ணாடி ஆகியவற்றில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளால் சற்றே சொரசொரப்பாக்கினால் போதும்.

கிரவுண்டை ஒரே தடவையில் கனமாக அப்பினால் அது வெடித்துவிடக்கூடும் என்பதால், முதல் பூச்சை இடவலமாகவும், அது காய்ந்தபின் இரண்டாவதை மேலிருந்து கீழாகவும் மெல்லியதாகப் பூசுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அவசரப்படாமல், குறைந்தது 24 மணி நேரம் காத்திருங்கள். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். ஓரத்தில் ஒரு சொட்டு நீரை வைத்துப் பாருங்கள்: தாமரை இலைத் தண்ணீராய் உருளாமல், மெல்லப் பரவி உள்ளிறங்கினால் பரப்பு தயார்.

இப்பரப்பில் காய்ந்த வண்ணமும் ஈரத் தூரிகை பட்டால் எளிதில் கிளம்பிவிடும் என்பதால், அடுத்தடுத்த அடுக்குகளை மென்மையான தூரிகையால், தேய்க்காமல் இட வேண்டும். அதே காரணத்தால், இறுதி வார்னிஷைத் தூரிகையால் பூசாமல் தெளிப்பானால் மட்டுமே தெளியுங்கள்.