பின்னி முடித்த குழந்தை ஸ்வெட்டரைத் தைத்து முடிப்பது எப்படி?

ராமநாதபுரம் கரையோரத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி விடியலில் வாடை அடிக்கும்போது பைக்கில் முன்னால் உட்கார்ந்து பாம்பன் பாலம் தாண்டும் குழந்தையைப் பார்த்ததில்லை போலும்.

இங்குள்ள கணக்கு 2 வயதுக் குழந்தைக்கு; 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழும் நூலுக்கு. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என நான்கு துண்டும் தயாராக இருக்க வேண்டும்.

அலசிக் காயவைத்தல்

தைக்கும் முன்பே அலசுங்கள். பின்னல் சுருண்டுகொண்டிருந்தால் ஓரம் கண்ணுக்குத் தெரியாது. கிணற்று உப்புத் தண்ணீரில் நுரையும் வராது, காய்ந்தபின் நூல் மொரமொரவென்று இருக்கும். குடத்தில் வாங்கும் நல்லதண்ணி நாலைந்து லிட்டர் போதும். அரை ஸ்பூன் ஷாம்பு போட்டு 15 நிமிடம் ஊறவிடுங்கள். கசக்காதீர்கள், முறுக்காதீர்கள், கம்பளி நூல் கசங்கினால் சுருங்கித் தடித்துவிடும். தேங்காய்ப்பூத் துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்தால் தண்ணீர் இறங்கிவிடும்.

ஓலைப்பாயில் விரித்து, முன்பக்கமும் பின்பக்கமும் 31 செ.மீ. அகலம் வருமாறு சரிசெய்யுங்கள். இரும்புக் குண்டூசி கூடவே கூடாது: ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் விடிவதற்குள் துருப்புள்ளி விழும். மொட்டைமாடியும் வேண்டாம், ஃபேனுக்குக் கீழே போடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகலாம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் இன்னும் ஈரம்தான். அக்ரிலிக் நூலானால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சூடு பட்டால் துவண்டுபோகும், பிறகு பழைய நிலைக்கு வராது.

கழுத்து

அதிகம் கெடுவது இங்கேதான். இந்த வயதில் தலைச்சுற்று 48 செ.மீ. சுமாருக்கு இருக்கும், கழுத்து இழுத்தால் 50 செ.மீ.யாவது விரிய வேண்டும்.

வலது தோளை மட்டும் தையுங்கள். 3.25 மி.மீ. ஊசியால் கழுத்தைச் சுற்றி 72 முதல் 80 கண்ணி வரை, இரட்டைப்படையில் எடுங்கள். மூடிய (ஊசியிலிருந்து அடைத்து முடித்த) கண்ணி இருக்கும் இடத்தில் ஒன்றுக்கு ஒன்று. பக்கவாட்டில் 4 வரிசைக்கு 3 கண்ணி. கூடுதலாக எடுத்தால் கழுத்துப் பட்டி அலையலையாக நிற்கும். ஒரு கண்ணி பிளெய்ன், ஒரு கண்ணி பர்ல் என மாற்றி மாற்றி (இதுதான் ரிப்) 6 வரிசை போட்டு, அதே ரிப்பில் மூடுங்கள். மூடும்போது மட்டும் வலது கையில் 4.5 மி.மீ. ஊசி. டேப் வைத்து இழுத்துப் பாருங்கள். விரியாவிட்டால் மூடியதை மட்டும் பிரித்துத் தளர்வாக மறுபடி மூடுங்கள். பிறகு இடது தோளையும் பட்டியின் ஓரத்தையும் சேர்த்துத் தைக்கலாம்.

கையும் பக்கமும்

தோள் தையலிலிருந்து முன்னும் பின்னும் 13 செ.மீ. அளந்து அடையாளம் வைத்து, அந்த இடைவெளிக்குள் கையைப் பொருத்துங்கள். கையின் 3 கண்ணிக்கு உடம்பின் 4 வரிசை.

பக்கத் தையலுக்கு மொட்டை முனை ஊசி. நல்ல பக்கம் மேலே இருக்க, ஓரத்தின் முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவே லேசாக விரித்தால் ஏணிப்படிபோல் குறுக்கிழைகள் தெரியும். இந்தப் பக்கம் இரண்டு படி, அந்தப் பக்கம் இரண்டு படி என்று கோத்துப் போங்கள். ஆறேழு முறை கோத்தபின் நூலை இழுத்தால் ஓரங்கள் உள்ளே மடங்கி, தையலே மறைந்துவிடும். பார்க்க மந்திரம் மாதிரிதான் இருக்கும். ரொம்ப இழுத்தால் கொசுவம் விழும். அவ்வப்போது தையலை நீட்டி விடுங்கள்.

நூல் முனைகள்

முடிச்சு வேண்டாம், உடம்பில் உறுத்தும். 15 செ.மீ. முனையைத் தையல் ஓரத்துக்குள்ளேயே 5 செ.மீ. ஓட்டி, திரும்பி 2 செ.மீ. வந்து வெட்டுங்கள். அக்ரிலிக் வழுக்கும், இந்தத் திருப்பம் அவசியம். கழுத்தில் கயிறோ குஞ்சமோ வைக்க வேண்டாம். கடைசியாக ஸ்வெட்டரின் கைக்குள் உங்கள் கையை விட்டு விரல்களை விரித்து ஆட்டிப் பாருங்கள். எந்த இழையாவது விரலில் மாட்டினால் குழந்தையின் விரலும் அங்கே மாட்டும்.