வாவியில் பழகிய கை ஆற்றில் இறங்கும்போது

மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் துடுப்புப் போட்டு வளர்ந்தவனுக்கு எந்தத் தண்ணீரும் அடங்கும் என்ற திமிரோடுதான் நான் முதல் தடவை கித்துல்கலைக்குப் போனேன். களனி கங்கையில் இறங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, கயாக் படகோடு தலைகீழாகக் கிடந்தேன். மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ நண்பர்களோடு அங்கே போக நினைப்பவர்கள் அந்தக் குளிப்பைத் தவிர்த்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலம். நமக்கு மழை கார்த்திகை, மார்கழியில். அந்தப் பக்கம் வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழைதான் ஆற்றை நிரப்பும். நம் வயல்கள் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் அங்கே கங்கை முழங்கும். ஆனால் மழையை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆகிறது. இரண்டிலும் நீர்த்தேக்கங்கள், கீழே மின் நிலையங்கள். அவர்கள் தண்ணீர் திறந்தால் வானம் வெளித்திருக்கும்போதே ஆறு ஏறும். கரையில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டுத் தேநீர் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்துக் குச்சி நனைந்து நின்றால் அன்று அவசரப்பட வேண்டாம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்கவும் வேண்டாம். எங்களோடு வரும் பெரியவர் எங்களை ‘மல்லி’, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார்; அவர் ‘ஹெமின், ஹெமின்’ என்றால் மெதுவாக என்று பொருள். ‘ஹெமின்’ என்ற அந்த ஒரு சிங்களச் சொல்லை மட்டுமாவது தெரிந்துகொண்டு போங்கள்.

நாங்கள் நால்வர்: நான், மச்சான், காத்தான்குடி நண்பன், மருதமுனை நண்பன். பாறைகளுக்கிடையே ஆறு ஒடுங்கும் இடம் சிறியதுதான். அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். அந்த அரை நிமிடத்துக்காக நாங்கள் ஒரு மணி நேரம் கரையில் நடக்கிறோம். ஒடுங்கிய இடத்தில் அதே தண்ணீர் வேகமாகப் போயாக வேண்டும். வேகம் இரு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். உள்ளே போன பிறகு யோசிக்க நேரமில்லை.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை சில. வழுவழுப்பான நீர் நாக்கு ஒன்றின் கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் பெரும்பாலும் அதுதான் வழி. கூர்முனை நம்மைப் பார்த்திருந்தால் அடியில் பாறை. பாறையைத் தாண்டி விழும் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி உருளும் வெண்நுரைக் குழி கரைக்குக் கரை நேர்கோடாகக் கிடந்தால், படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள். வெட்கம் ஒன்றும் இல்லை. குறுக்கே விழுந்த மரம் அதைவிட மோசம். கிளைகளுக்கிடையே தண்ணீர் புகுந்து போகும், மனிதன் போகமாட்டான். பெரிய பாறைகளின் பின்னால் தண்ணீர் தேங்கி எதிர்த்திசையில் மெல்லச் சுழலும் இடங்களும் உண்டு. நாங்கள் அவற்றைத் ‘திண்ணை’ என்கிறோம். ஒதுங்கி, மூச்சு வாங்கி, அடுத்தவனைப் பார்க்கும் இடம்.

நான் கவிழ்ந்தது திண்ணையிலிருந்து வெளியே வரும்போதுதான். வாவியில் அலை அடித்தால் உடம்பு தானாக அலைப் பக்கம் சாயும். அந்தப் பழக்கம் ஆற்றில் ஆகாது. பாயும் தண்ணீர் வரும் பக்கம் சாய்ந்தால் அது படகின் விளிம்பில் ஏறி அமுக்கிக் கவிழ்த்துவிடும். தண்ணீர் போகும் பக்கம் சாயுங்கள், தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பு தூக்கி நிற்கட்டும். மாரியில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணலை வெட்டிவிட்ட பிறகு பாலத் தூண்களின் பின்னால் சின்னத் திண்ணைகள் உண்டாகும். நீந்தத் தெரிந்த துணையோடு, இழுப்பு மிதமாக இருக்கும் நாளில் இதை அங்கே பழகலாம். வெட்டிய வாய்க்கு அருகே மட்டும் போகாதீர்கள், அது கடலுக்குத் தள்ளும்.

இடுக்கில் நுழைந்தால் துடுப்பை நிறுத்தாதீர்கள். பயத்தில் நிறுத்துகிறவனின் படகு வெறும் கட்டைதான். முன்னே போனவன் திண்ணையில் ஒதுங்கித் துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கினால் அடுத்தவன் வரலாம். குறுக்காகப் பிடித்தால் நில். மூன்று விசில் என்றால் ஆபத்து.

கவிழ்ந்தால் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருக்கும் துணியின் முன்பட்டியை இழுத்து வெளியே வாருங்கள். இதை வீட்டருகே ஆழமில்லாத தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். பிறகு மல்லாந்து, பாதங்களைக் கீழ்த்திசைக்கு நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. நான் நின்றேன். தண்ணீர் தொடையளவுதான். இரண்டு கற்களுக்கிடையே வலது சப்பாத்து இறங்கிப் பிடித்துக்கொண்டது. முதுகில் யாரோ நெல் மூட்டையைச் சாய்ப்பது போலத் தண்ணீர் அமுக்கியது. குதிகால் சப்பாத்தை விட்டு நழுவியதால் வெளியே வந்தேன். இன்னும் ஓர் அங்குலம் இறங்கியிருந்தால் முகம் தண்ணீருக்குள் போயிருக்கும்.

அப்போது விழுந்த கயிறு மருதமுனை நண்பனுடையது. இறங்குவதற்கு முன்பே ஒருவர் இடுக்கின் கீழ்முனையில் கயிற்றுப் பையோடு நிற்க வேண்டும், எங்களில் அவன்தான். ‘கயிறு!’ என்று கத்தி, ஆள் திரும்பிப் பார்த்ததும் அவனைத் தாண்டி விழும்படி எறிய வேண்டும். பிடிக்கிறவர் கயிற்றைத் தோளுக்கு மேலாக வைத்து மல்லாந்து கிடக்க வேண்டும். கையில் சுற்றக் கூடாது, கட்டிக்கொள்ளவும் கூடாது.

எறிந்த கயிற்றைத் திரும்பப் பையில் வைக்கும்போது பலர் அழகாகச் சுருட்டுவார்கள். சுருட்டிய கயிறு அடுத்த எறியலில் சிக்கும். பையோடு கட்டிய நுனியிலிருந்து பிடி பிடியாக அப்படியே திணிக்க வேண்டும். நண்பன் கைத்தறி வீட்டில் வளர்ந்தவன், நூல் சிக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். நாங்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாலும் அவன் கயிற்றைத் திணித்து முடித்த பிறகுதான் சாப்பிட வருவான்; வேறு யாரையும் அந்தப் பையைத் தொட விடுவதில்லை.