ஸ்பான்சர்ஷிப்பை விலைக்கு வாங்காதீர்கள்: இங்கிலாந்து நர்ஸ் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அக்கா, ஏஜென்ட் எட்டு லட்சம் கேக்குறாங்க. கட்டுனா மூணு மாசத்துல ஸ்பான்சர்ஷிப் வந்துருமாம். கட்டட்டுமா?"

இப்படி ஒரு குரல் பதிவு மாதம் ஒன்றாவது என் போனுக்கு வந்துவிடுகிறது. நான் இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கேட்பவர்கள் நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்துப் பிள்ளைகள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனையில் சொற்பச் சம்பளத்துக்கு நைட் டியூட்டி பார்ப்பவர்கள். நானும் அங்கிருந்து வந்தவள்தான். வருவதற்கு முன் ஓர் ஏஜென்ட்டிடம் ஒன்றரை லட்சம் கட்டி ஏமாந்தேன். அது அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய பணம். அதனால் இந்தக் கேள்வி வந்தால் எவ்வளவு அசதியிலும் உட்கார்ந்து பதில் சொல்வேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

காரணம் இதுதான். இங்கே நர்ஸ்கள் வருவது ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவில். 2020 ஆகஸ்டில் வந்த விசா அது. நம்மை வேலைக்கு எடுக்கும் மருத்துவமனை, வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க பிரிட்டன் உள்துறை அமைச்சகத்திடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். நேர்காணலில் தேர்வானவருக்கு அந்த மருத்துவமனை 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்' ஒதுக்கும். சான்றிதழ் என்று பெயர் இருந்தாலும் அது கணினியில் உருவாகும் ஓர் எண்தான். அது கிடைத்த மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முத்திரையும் கையெழுத்துமாக அழகாக அச்சடித்த தாளைக் காட்டி "ஸ்பான்சர்ஷிப் வந்தாச்சு" என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

உரிமத்துக்கும் அந்த எண்ணுக்கும் பணம் கட்ட வேண்டியது மருத்துவமனை. இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்ற வரியும் அவர்கள் தலையில்தான்; அதை ஊழியரிடம் வசூலிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவதை 1973 ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ஏஜென்சீஸ் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு நர்ஸ்களைத் தேர்ந்தெடுப்பதற்கு இங்கிலாந்து அரசு வகுத்த நடத்தை விதிகளும் அதையே சொல்கின்றன. ஏஜென்ட்டின் கூலியை மருத்துவமனை கொடுத்துவிடும். நம் நாட்டிலும் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். அவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஆக, எட்டு லட்சம் என்பது இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் வெளியே நிற்கும் தொகை.

உங்கள் கையிலிருந்து போகும் செலவு வேறு. ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, விசாக் கட்டணம், அப்புறம் இங்குள்ள நர்சிங் கவுன்சிலான என்எம்சிக்குக் கட்டுவது. 2025 நிலவரப்படி என்எம்சி வழியில் தகுதி ஆய்வுக்கு 140 பவுண்டு, கணினித் தேர்வான சிபிடிக்கு 83, செய்முறைத் தேர்வான ஓஸ்கிக்கு 794, பதிவுக்கு 153. மொத்தம் 1,170 பவுண்டு. இதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ ஏற்கும் மருத்துவமனைகள் உண்டு. நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் வேண்டாம், இங்கே அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, வந்திருக்கும் வேலை உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் வெளிப்படையாக வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர், ஊர், எந்த வகை விசாவுக்கு உரிமம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர் பட்டியலில் இருப்பது முதல் படிதான். உண்மையான மருத்துவமனையின் பெயரில் போலிக் கடிதம் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் அந்த மருத்துவமனையின் இணையதளத்தில் உள்ள முகவரியை நீங்களே தேடி எடுத்து, அதன் வழியாக எழுதிக் கேளுங்கள். நேர்காணலே இல்லாமல் எந்த மருத்துவமனையும் நர்ஸை எடுக்காது. "இன்டர்வியூ எல்லாம் நாங்க பார்த்துக்குறோம்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல ஏஜென்சியா என்று பார்க்க, இங்குள்ள அரசு மருத்துவமனைகளுக்கான என்ஹெச்எஸ் எம்ப்ளாயர்ஸ் அமைப்பு வெளியிடும் நெறிமுறை வழுவாத ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் நர்ஸ்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. ஏஜென்ட்டிடம் போகும் முன் அங்கே ஒரு எட்டு போய் விசாரிக்கலாம்.

ஏமாற்று வேலையைவிடக் கொஞ்சம் நாசூக்கான இன்னொரு தவறு, குறுக்குவழி. கேரர் என்றால் முதியோரையும் முடியாதவர்களையும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு உதவியாளர். "முதலில் கேரராகப் போ, அங்கே போய் நர்ஸாக மாறிக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பலரைக் கூட்டிவந்தார்கள். வந்து சேர்ந்ததும் சொன்ன அளவு வேலை நேரம் கிடைக்காமல், ஒரு வீட்டில் பத்துப் பேராகத் தங்கி, கட்டிய கடனுக்கு வட்டி மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதில் எம்.எஸ்சி. படித்த பெண்ணும் இருந்தார். வேலை கொடுத்த நிறுவனத்தின் உரிமம் பறிபோனால் புது ஸ்பான்சரைத் தேடப் பொதுவாக 60 நாள்தான் கிடைக்கும். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர்களை வரவழைக்கும் வழியையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் கேரர் விசா என்று யாராவது விற்றால் அவர் விற்பது வெறும் காற்று.

வாசல் நேரானது. முதலில் ஆங்கிலம், பிறகு சிபிடியும் என்எம்சியின் தகுதி ஆய்வும், அதன் பிறகு வேலைக்கு விண்ணப்பம். இந்த மூன்றையும் முடித்து வைத்திருப்பவரின் விண்ணப்பத்தை மருத்துவமனை எடுத்துப் பார்க்கும். சில வருடங்களுக்கு முன் இருந்த ஆள் பற்றாக்குறை இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஒரு காலியிடத்துக்கு நிறையப் பேர் போட்டி போடுகிறார்கள். "ஆஃபர் வந்தா இங்கிலீஷ் எழுதுவேன்" என்று காத்திருப்பவர் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்.

ஆங்கிலத் தேர்விலும் ஒரு வேதனையான தவறு நடக்கிறது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் அகாடமிக், ஜெனரல் என்று இரண்டு வகை. என்எம்சி ஏற்பது அகாடமிக் மட்டும். ஜெனரல் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கி, அது செல்லாது என்று தெரிந்து அழுத தோழி எனக்கு உண்டு. படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5, மொத்தத்தில் 7 வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி என்றால் முதல் மூன்றில் 350, எழுதுவதில் 300. ஒரே தடவையில் எல்லாம் வராவிட்டால், 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டலாம்; எந்தப் பிரிவிலும் மிகவும் இறங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். இது தெரியாமல் நாலு தடவை, ஐந்து தடவை முழுக் கட்டணம் கட்டி எழுதுகிறார்கள். என்எம்சிக்காக எழுதிய தேர்வே விசாவுக்கும் போதும், தனியாக இன்னொன்று எழுதத் தேவையில்லை. என்னைக் கேட்டால் வார்டில் வேலை பார்ப்பவருக்கு ஓஇடிதான் கைகொடுக்கும். நோயாளியோடு பேசுவது, ரெஃபரல் கடிதம் எழுதுவது என்று நாம் தினமும் செய்வதைத்தான் கேட்கிறார்கள்.

அடுத்தது தமிழர்களுக்கென்றே அமைந்த சிக்கல்: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். மேரி' என்று இருக்கும். நம்மூர் நர்சிங் கவுன்சில் பதிவில் 'மேரி எஸ்.' என்று திரும்பியிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'மேரி செல்வராஜ்' ஆகியிருக்கும். கல்யாணம் ஆனவருக்குக் கணவர் பெயரும் வந்து ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு ஓர் ஆவணத்தில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கும், இன்னொன்றில் குறைந்திருக்கும். ஊரில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே கணினிக்கு இவர்கள் மூன்று தனி ஆட்கள். சிபிடி தேர்வு மையத்தில் பதிவுப் பெயரும் பாஸ்போர்ட்டும் பொருந்தவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போய்விடும்.

அதனால் வேறு எதையும் தொடங்கும் முன் எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்தான் அடிப்படை. அதில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயரில்தான் எல்லாத் தேர்வுக்கும் பதிவு செய்ய வேண்டும். கவுன்சில் பதிவில் திருத்தம் வேண்டுமென்றால் இப்போதே மனுக் கொடுங்கள், வேண்டியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுங்கள். கவுன்சிலிலிருந்து என்எம்சிக்குப் போக வேண்டிய சரிபார்ப்பு இந்த ஒரு காரணத்தால் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்ததை என் கண்முன் பார்த்தேன்.

பெயரைப் போலவே வேலை பார்த்த இடங்களும் பின்னால் வந்து இழுக்கும். கடந்த பத்து வருடத்தில் ஒரு நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டிலிருந்து குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் விசாவுக்கு வேண்டும். சவுதியிலோ குவைத்திலோ இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் அதை ஊரிலிருந்தபடி வாங்கப் படும் பாடு கொஞ்சமல்ல. வளைகுடாவில் இருப்பவர்கள் கிளம்பும் முன்பே வாங்கி வையுங்கள். பணி அனுபவச் சான்றிதழும் அப்படித்தான். சில தனியார் மருத்துவமனைகள் பாண்ட், அதாவது இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம், என்று சொல்லி அசல் சான்றிதழ்களையே பூட்டி வைத்துக்கொள்கின்றன. ஒரு நர்ஸின் படிப்பை அலமாரியில் வைத்துப் பூட்ட யாருக்கும் உரிமை இல்லை. வேலைக்குச் சேரும்போது நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்துவந்துவிடுங்கள். விசா வாங்கித் தருகிறேன் என்பவரிடமும் இதே கண்டிப்பு வேண்டும்.

'அமெரிக்கா போகலாமா, அங்கே சம்பளம் அதிகமாமே?' என்றும் கேட்கிறார்கள். அதிகம்தான். அங்கே ஸ்டாஃப் நர்ஸுக்கு வழி பெரும்பாலும் நிரந்தரமாகக் குடியேற அனுமதிக்கும் இபி-3 என்ற கிரீன் கார்டு வரிசை. அந்த வரிசையில் நாம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம் என்பதைப் பார்ப்பதில்லை, எந்த நாட்டில் பிறந்தோம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். 2025 இறுதியில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அங்கே 2013 இல் விண்ணப்பித்தவர்களின் முறைதான் வந்திருந்தது. "ஒன்றரை வருஷத்தில் அமெரிக்கா" என்று ஓர் ஏஜென்ட் சொன்னால் இந்த ஒரு கணக்கை அவரிடம் கேளுங்கள். இலங்கையில் பிறந்தவர்களுக்கு இந்த நீண்ட இந்திய வரிசை கிடையாது. அப்பா அம்மா வேலையாக இருந்தபோது குவைத்திலோ துபாயிலோ பிறந்த இந்தியருக்கும் அப்படித்தான், கணவரோ மனைவியோ அங்கே பிறந்திருந்தாலும் அதைப் பயன்படுத்தலாம். இப்படி ஒரு வழி தனக்கு இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் பலர்.

ஆஃபர் கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போடுவதும் தவறுதான். இரண்டு இடங்களை நிதானமாகப் படியுங்கள். ஒன்று சம்பளம். இங்குள்ள அரசு மருத்துவமனைகளின் சம்பள அடுக்கில் ஸ்டாஃப் நர்ஸ் என்பது பேண்ட் 5. 2025-26 இல் அதன் தொடக்கம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. ஆனால் ஓஸ்கி தேறிப் பதிவு எண் வரும்வரை அதற்குக் கீழான பேண்டில்தான் பல இடங்களில் கொடுப்பார்கள். இன்னொன்று, பாதியில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவு. அதில் எந்தெந்தச் செலவு சேர்ந்திருக்கிறது என்று வரி வரியாக எழுதியிருக்க வேண்டும். நாள் போகப்போகத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகும் முதல் நாள் தொகையையே கேட்கும் ஒப்பந்தம் நியாயமானதல்ல. ஏன் என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

கடைசியாக ஓஸ்கி. ஊரில் பத்து வருடம் ஐசியு பார்த்தவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். கைத்திறனில் குறை இருக்காது. தேர்வின் பத்துப் பகுதிகளான பத்து ஸ்டேஷன்களிலும் தேர்வாளர்கள் பார்ப்பது, பாதுகாப்பாக வேலை செய்கிறோமா, அதை வாயால் சொல்கிறோமா என்பதைத்தான். நாம் பேசாமல் வேலை பார்த்துப் பழகியவர்கள். மருந்து கொடுக்கும் முன் பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை மூன்றையும் நோயாளியிடம் கேட்க வேண்டும். மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டால் மதிப்பெண் கிடையாது. கை கழுவுவதில் ஒரு படி விட்டாலும் போச்சு. படுக்கையில் இருப்பது பொம்மை என்றாலும் "உங்கள் கையைத் தொடலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். முதல் வாரமே இதைப் பழகத் தொடங்குங்கள். விசா விதிப்படி வேலையில் சேர்ந்து 12 வாரத்துக்குள் முதல் முறை எழுதியாக வேண்டும், 8 மாதத்துக்குள் பதிவு கைக்கு வர வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. ஏழு ஸ்டேஷன் வரை தவறினால் தவறியதை மட்டும் பாதிக் கட்டணத்தில் திரும்ப எழுதலாம். முதல் முறை எனக்கே இரண்டு ஸ்டேஷன் போனது. ஒன்றில் தேதி எழுத மறந்திருந்தேன்.